காசிக்குக் கையைக் கடிக்காமல் போய்வர

காசியில் பல்லி கத்தாது, கருடன் பறக்காது, பூ மணக்காது, பிணம் நாறாது, மாடு முட்டாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மற்றதையெல்லாம் நான் சோதித்துப் பார்க்கவில்லை. மாடு முட்டாது என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். விஸ்வநாதர் சந்தில் எதிரே வந்த காளைக்கு வழிவிட்டு, ஒரு வளையல் கடைப் படியில் ஐந்து நிமிடம் ஒட்டிக்கொண்டு நின்றவன் சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். காசியில் பார்க்க வேண்டியதில் முக்கால்வாசியைக் காசில்லாமலே பார்த்துவிடலாம். கங்கைக்கரை, எண்பத்து நான்கு படித்துறைகள், மாலை ஆரத்தி, சந்துகள், கோயில்கள் எதற்கும் கட்டாய டிக்கெட் கிடையாது. பணம் கரைவது வேறு மூன்று வழிகளில். தவறான நாளில் போய் இறங்குவது, ஆற்றை விட்டுத் தள்ளித் தங்குவது, தானாக வந்து பேசுகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டுவது. இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டால் மூன்று, நான்கு நாள் சிக்கனமாகச் சுற்றிவிட்டு வரலாம்.

முதலில் நாள் பார்ப்பது

அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரை, அப்புறம் பிப்ரவரி, மார்ச். இந்த இரண்டும் நல்ல காலம். மே, ஜூனில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், படிக்கட்டுக் கல்லில் கால் வைக்க முடியாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை கங்கை ஏறி வந்து படித்துறைகளை மூழ்கடித்துவிடும். படகை நிறுத்திவிடுவார்கள், ஆரத்தி மொட்டை மாடிக்குப் போய்விடும். ஒரு படித்துறையிலிருந்து அடுத்ததற்குக் கரையோடு நடக்கவே வழி இருக்காது. டிசம்பர், ஜனவரி அழகுதான், ஆனால் மூடுபனியில் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். குளிரையும் நம் ஊர் மார்கழி என்று நினைத்து ஒரு சால்வையோடு போய்விடாதீர்கள். ஸ்வெட்டர், காலுறை, காதுமூடி மூன்றும் வேண்டும்.

பண்டிகை நாட்களில் நம்மவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வடக்கே பௌர்ணமியோடு மாதம் முடியும். அதனால் அவர்களுடைய சிராவண மாதம் நம் ஆவணி அல்ல. ஏறக்குறைய ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட்டில் முடிந்துவிடும். அந்த மாதத்துத் திங்கட்கிழமைகளில் விஸ்வநாதர் கோயில் வரிசை தெருவுக்கு வந்துவிடும். படித்துறை முழுக்க விளக்கேற்றும் தேவ் தீபாவளியும் பெரும்பாலும் நம் திருக்கார்த்திகை அன்று வராது. தீபாவளி முடிந்து பதினைந்தாம் நாள் பௌர்ணமியில் வரும். பார்க்கக் கண் கோடி வேண்டும், ஆனால் அறை வாடகை பல மடங்கு ஏறியிருக்கும். கையில் காசு குறைவு என்றால் அந்த வாரத்தையும் மகாசிவராத்திரியையும் தவிர்த்துவிடுங்கள்.

எந்த ஸ்டேஷன் என்று பார்த்து டிக்கெட் எடுங்கள்

சென்னையிலிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரஸ், ராமேஸ்வரத்திலிருந்து பனாரஸ் வரை ஒரு வாராந்தர ரயில், கன்னியாகுமரியிலிருந்து காசி தமிழ் எக்ஸ்பிரஸ் என்று நேரடி வண்டிகள் இருக்கின்றன. எதில் ஏறினாலும் ஒன்றரை நாளுக்குக் குறையாது. முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும், அன்று காலையே எடுத்துவிடுவது நல்லது. நேரடி வண்டியில் இடம் இல்லை என்றால் பழைய முகல்சராய், இப்போது தீன் தயாள் உபாத்யாய ஜங்ஷன் என்று அழைக்கப்படும் ஸ்டேஷனுக்குத் தேடுங்கள். அங்கே நிற்கும் வண்டிகள் அதிகம். காசியிலிருந்து ஆற்றுக்கு அக்கரையில் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, ஷேர் ஆட்டோ கிடைக்கும்.

காசிக்குள்ளேயே பல ஸ்டேஷன்கள். கண்டோன்மென்ட் என்று எல்லோரும் சொல்லும் வாராணசி ஜங்ஷன், முன்பு மண்டுவாடீ என்றிருந்த பனாரஸ், அப்புறம் சின்னதாகக் காசி. திரும்பும் டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெயர் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றி, வேறு ஸ்டேஷனில் போய் உட்கார்ந்து வண்டியை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், முதுகுப்பை போதும். ஆற்றங்கரைச் சந்துகளுக்குள் ஆட்டோ, கார் எதுவும் வராது. ஊர் நடுவிலுள்ள கோதோலியா சந்திப்புக்கு முன்பே ஆட்டோவை நிறுத்திவிடுவார்கள். மிச்ச தூரம் சாணி, படிக்கட்டு, எதிரே ஹாரன் அடித்துக்கொண்டு வரும் பைக், இவற்றுக்கு நடுவே நடைதான்.

தங்க எங்கே

நான் சொல்வது ஒன்றே ஒன்று. அறை எப்படி இருந்தாலும் பரவாயில்லை, ஆற்றிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கட்டும். ஸ்டேஷன் பக்கம் இருநூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதே என்று எடுத்தால், தினம் இரண்டு முறை ஆட்டோவில் அதைவிட அதிகமாகப் போய்விடும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கரையில் நிற்கவும் முடியாது. காசியே அந்த ஐந்து மணிதான்.

தெற்கே அஸ்ஸி காட் முதல் நடுவில் தசாஸ்வமேத் காட் வரை உள்ள பகுதியில் தேடுங்கள். காட் என்றால் படித்துறை. தமிழ் பேச ஆள் வேண்டும், இட்லி வேண்டும் என்றால் அனுமான் காட், கேதார் காட் பக்கம். அங்கே தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. மடங்களும் உண்டு, திதி கொடுக்க வருகிறவர்களுக்குத் தமிழ் தெரிந்த வாத்தியார்களும் உண்டு. கோதோலியா அருகே காசி நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது. அறையும் நம் ஊர்ச் சாப்பாடும் கிடைக்கும், ஆனால் முன்னாலேயே கேட்டு உறுதி செய்துகொண்டு போக வேண்டும். ஆதார் அட்டையின் அசலைக் கையில் வைத்திருங்கள். தனியாகப் போகும் இளைஞர்களுக்கு அஸ்ஸி, பெங்காலி டோலா பக்கம் கட்டில் வாடகைக்கு விடும் டார்மிட்டரிகள் ஏராளம். பையைப் பூட்டிவைக்க ஒரு பூட்டு கொண்டுபோங்கள்.

அறைக்குப் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பக்கத்தில் இருக்கும் காட்டின் பெயரை மனப்பாடம் செய்வது. கரைச் சுவர்களில் பெயர்களைப் பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். சந்துக்குள் போனால் கைபேசி வரைபடமும் குழம்பிவிடும். வழி தவறினால் கவலைப்படாதீர்கள், சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் இறங்குங்கள், கங்கை வந்துவிடும். அங்கிருந்து சுவரில் பெயர் படித்துக்கொண்டே அறைக்கு வந்துவிடலாம். காசியின் மெயின் ரோடு ஆற்றங்கரைதான், சந்துகள் எல்லாம் அதற்குக் குறுக்குத் தெருக்கள் என்று வைத்துக்கொண்டால் ஊர் சட்டென்று பிடிபடும்.

முதல் நாள் விடியல்: நடை

அஸ்ஸியில் சூரியன் எழும்போது நில்லுங்கள். கங்கை இங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது, ஊர் முழுக்க மேற்குக் கரையில். எதிர்க்கரை வெறும் மணல்திட்டு. அதனால் சூரியன் எந்தக் கட்டடத்தின் மறைப்பும் இல்லாமல் தண்ணீருக்கு மேலே வரும். அஸ்ஸியில் விடியலில் ஒரு சின்ன ஆரத்தியும் பாட்டும் யோகாவும் நடக்கும், யாரும் போய் உட்காரலாம்.

அங்கிருந்து வடக்கே கரையோடு நடக்க ஆரம்பியுங்கள். துளசிதாசர் வாழ்ந்த துளசி காட், அப்புறம் கோட்டை மாதிரி நிற்கும் சேத் சிங் காட், அடுத்து அனுமான் காட். இங்கே படியேறிச் சந்துக்குள் போய் சிவமடம் என்று கேளுங்கள். தந்தை இறந்த பிறகு, 1898-இல் பாரதி வந்து சேர்ந்த அத்தை வீடு அது. 1902 வரை இங்கேதான் இருந்தார். மீசையும் தலைப்பாகையுமாக நாம் அறிந்த பாரதி உருவானது இந்தச் சந்தில்தான். 2022-இல் தமிழ்நாடு அரசு அங்கே ஓர் அறையை நினைவிடமாக்கியது. பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள், சின்ன இடம். ஆனால் அந்தச் சந்தின் அகலத்தைப் பாருங்கள், கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த பதினைந்து, பதினாறு வயதுப் பையன் இதற்குள் நடந்து போயிருக்கிறான்.

அடுத்தது அரிச்சந்திர காட், இரண்டு சுடுகாட்டுத் துறைகளில் ஒன்று. பேச்சைக் குறைத்துக்கொண்டு கடந்துவிடுங்கள். கொஞ்ச தூரத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய படிகளும் சுவரும் தெரிந்தால் அது கேதார் காட். தூரத்திலிருந்தே நம் ஊர்க் கோயில் என்று கண்டுபிடித்துவிடலாம். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் பதினேழாம் நூற்றாண்டில் வந்து மடம் கண்டது இங்கேதான். 'சகலகலாவல்லி மாலை' பாடியதும் காசியில்தான் என்பார்கள். கேதாரேஸ்வரர் கோயில் அந்த மடத்தின் பொறுப்பில் இருக்கிறது. விஸ்வநாதரில் கிடைக்காத நிம்மதியான தரிசனம் இங்கே கிடைக்கும்.

இதைத் தாண்டினால் தர்பங்கா, அகல்யாபாய், பிறகு தசாஸ்வமேத். நின்று நிதானித்து வந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அதற்குள் பசித்திருக்கும். சந்துக்குள் ஏறினால் கடாய்க்கு முன் கூட்டம் நிற்கும் கடையில் கச்சோரியும் காய்க்குழம்பும் சூடான ஜிலேபியும் கிடைக்கும், இலைத் தொன்னையில் தருவார்கள். கூட்டம் இல்லாத கடை வேண்டாம். குளிர்காலம் என்றால் மலய்யோ சாப்பிடாமல் வராதீர்கள். பால் நுரையைப் பனியில் வைத்து, குங்குமப்பூவும் ஏலக்காயும் சேர்த்து மண் குவளையில் தருவது. வாயில் வைத்ததும் ஒன்றுமே இல்லாததுபோல் கரைந்து போகும், அடியில் கொஞ்சம் இனிப்புப் பால் மட்டும் மிஞ்சும். காலையிலேயே தீர்ந்துவிடும்.

படகு

படகில்தான் புதியவர்கள் அதிகம் இழக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தசாஸ்வமேத் படியில் நம் முகத்தைப் பார்த்ததுமே ஒருவர் "வாங்க சார், போட், போட்" என்று தமிழிலேயே கூப்பிடுவார். முதல் முறை எனக்கு அதில் மனம் குளிர்ந்துவிட்டது. ஒரு தொகை சொன்னார், ஏறி உட்கார்ந்தேன். இறங்கும்போது அது ஒரு ஆளுக்கு, ஒரு வழிக்கு, அதுவும் மணிகர்ணிகா காட் வரைக்கும் மட்டும் என்று விளக்கம் வந்தது. பேசாமல் மூன்று மடங்கு கொடுத்துவிட்டு இறங்கினேன்.

அதனால் ஏறும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். ஆளுக்கா, படகுக்கா? எத்தனை மணி நேரம்? எந்தக் காட்டிலிருந்து எந்தக் காட் வரை? போக மட்டுமா, திரும்பவுமா? பதிலைக் கைபேசியில் எண்ணாக அடித்துக் காட்டி, ஆமாம் என்று சொல்ல வையுங்கள். முதலில் சொன்ன விலைக்குச் சிரித்துவிட்டு நடக்க ஆரம்பித்தால் பத்தடிக்குள் குறையும். தனியாகவோ இருவராகவோ போனால் ஷேர் படகு போதும்.

என் யோசனை, காலையில் அஸ்ஸியிலிருந்து மணிகர்ணிகா வரை ஒரு வழி மட்டும் போங்கள். நீரோட்டத்தோடு போவதால் துடுப்புப் படகுக்காரர் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார். இன்ஜின் படகைவிட இதுதான் நல்லது, கரையின் மணிச்சத்தமும் துணி துவைக்கும் சத்தமும் காதில் விழும். திரும்பி வருவதற்கு நடை இருக்கிறதே. முதல் நாள் நடந்து பார்த்த கரையை இரண்டாம் நாள் தண்ணீரிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு மாளிகையும் அடையாளம் தெரியும்.

மணிகர்ணிகாவில்

இரவும் பகலும் சிதை எரியும் துறை. கேமராவை, கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அன்று காலை அப்பாவை இழந்தவர்கள். படம் எடுத்தால் மரியாதைக் குறைவு, அதைச் சாக்காக வைத்துப் பணம் கேட்டு மிரட்டவும் ஆட்கள் உண்டு. இன்னொரு வகை, அமைதியாகப் பக்கத்தில் வந்து நின்று விறகு, சடங்கு எல்லாம் விளக்குவார்கள். பிறகு பக்கத்தில் அநாதை முதியோர் இல்லம் இருக்கிறது, அவர்களுக்கு விறகு வாங்கக் கிலோவுக்கு இவ்வளவு கொடுங்கள் என்று தொடங்குவார்கள். கொடுக்காவிட்டால் பாவம் என்பார்கள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடந்துகொண்டே இருங்கள். அதற்கு அடுத்த சிந்தியா காட் பக்கம் தண்ணீரில் சாய்ந்து நிற்கும் ரத்னேஸ்வர் கோயிலைப் பாருங்கள். விழப்போகிறது என்று தோன்றும், பல காலமாக அப்படியேதான் நிற்கிறது.

விஸ்வநாதர், அன்னபூரணி, விசாலாட்சி

இப்போதுள்ள விஸ்வநாதர் கோயிலை 1780-இல் கட்டியவர் இந்தூர் ராணி அகல்யாபாய் ஹோல்கர். விமானத்துக்குப் பொன் கொடுத்தது பஞ்சாபின் ரஞ்சித் சிங். முன்பு சந்துக்குள் ஒடுங்கி நின்ற கோயில், 2021 டிசம்பரில் திறந்த பெரிய வளாகத்தால் இப்போது கங்கைக்கரை வரை விரிந்திருக்கிறது.

கைபேசி, பை, பேனா, ஸ்மார்ட் வாட்ச் எதையும் உள்ளே விடமாட்டார்கள். அறையிலேயே வைத்துவிட்டுக் கொஞ்சம் பணமும் ஆதாரும் மட்டும் எடுத்துப் போவதுதான் வேலை குறைவு. வழியில் பூக்கடைக்காரர்கள் "இங்கே வையுங்கள், லாக்கர் இலவசம்" என்று கூப்பிடுவார்கள். இலவசம்தான், பிரசாதத் தட்டின் விலையில் எல்லாம் சேர்ந்துவிடும். கட்டண விரைவு தரிசனம் உண்டு, கோயிலின் சொந்த வலைத்தளத்தில் எடுங்கள். தெருவில் "வரிசை இல்லாமல் கூட்டிப்போகிறேன்" என்பவரிடம் வேண்டாம். திங்கள், சனி, ஞாயிறு தவிர்த்த நாளில் பிற்பகலில் போனால் பொது வரிசையே போதும், பணம் கட்டத் தேவையில்லை.

மாலையில் சந்தில் "சம்போ" என்ற குரல் கேட்டால் ஒதுங்கி நின்று பாருங்கள். நகரத்தார் சத்திரத்திலிருந்து விஸ்வநாதர் பூஜைக்குப் பால், பூ, வில்வம் எடுத்துப்போகிறார்கள். தலைமுறை தலைமுறையாக நிற்காமல் நடக்கிறது.

பக்கத்திலேயே அன்னபூரணி. தங்க விக்கிரகம் தீபாவளியை ஒட்டிய சில நாட்கள் மட்டுமே தரிசனத்துக்கு வரும். கோயில் சார்பில் மதிய அன்னதானம் உண்டு, கூச்சப்படாமல் உட்காருங்கள், அன்னபூரணி ஊரில் அது பிரசாதம். மீர் காட் சந்தில் விசாலாட்சி கோயிலுக்குப் போனால் திடீரென்று ஒரு சின்னக் கோபுரமும் சுதைச் சிற்பங்களுமாகத் தமிழ்நாடு வந்து நிற்கும். நகரத்தார் திருப்பணி செய்த கோயில்.

மாலை ஆரத்தி

தசாஸ்வமேத் ஆரத்தி இருட்டும் வேளையில் தொடங்கும், குளிர்காலத்தில் முன்னால், கோடையில் பின்னால். ஒரு மணி நேரம் முன்பே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டால் காசு எதற்கும் வேலையில்லை. படகில் இடம், மாடியில் நாற்காலி என்று விற்பார்கள், படகிலிருந்து பார்த்தால் பூசாரிகளின் முகம் தெரியும் என்பது உண்மைதான், அவசியம் என்று சொல்லமாட்டேன். முடிந்ததும் உடனே எழாதீர்கள், அந்த நெரிசலில் சின்னப் பிள்ளைகளோடு சந்துக்குள் மாட்டிக்கொள்வது கஷ்டம். அரைமணி உட்கார்ந்துவிட்டுக் கரையோடு நடந்து அறைக்குப் போங்கள்.

சாரநாத்துக்கு அரை நாள்

புத்தர் முதன்முதலில் போதித்த இடம், காசியிலிருந்து பத்து கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் மாறிமாறிப் போகலாம், நால்வர் சேர்ந்தால் ஆட்டோவை அரை நாளுக்குப் பேசிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை, அன்று போய்விடாதீர்கள். நம் ரூபாய் நோட்டில் இருக்கும் நான்முகச் சிங்கத்தின் அசல் அங்கேதான் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் எதிரே நிற்கும். கல்தான், ஆனால் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகியும் எண்ணெய் தடவியதுபோல் மினுங்குகிறது. தாமேக் ஸ்தூபியைச் சுற்றி ஒரு முறை நடந்து, கீழ்ப்பகுதியில் உள்ள கொடிச் செதுக்கலைப் பாருங்கள். ஜப்பான், தாய்லாந்து, இலங்கை வழி புத்த கோயில்கள் எல்லாம் இலவசம். போகும் வழியில் ஆட்டோக்காரர் "பட்டு நெசவு பார்க்கலாம், பார்க்க மட்டும்" என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அவருக்குக் கமிஷன் வரும் கடை அது.

இன்னும் அரை நாள் மிஞ்சினால் 1916-இல் தொடங்கிய காசி இந்துப் பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றலாம், மரநிழலும் பெரிய விஸ்வநாதர் கோயிலும் பாரத் கலா பவன் அருங்காட்சியகமும் இருக்கின்றன. ராம்நகர் கோட்டையை நேரம் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டாலும் நஷ்டம் இல்லை.

கைச்செலவு பற்றிச் சில

பேட்டரி ரிக்ஷாவில் தனியாகப் பேசாதீர்கள், ஏற்கெனவே ஆள் இருக்கும் வண்டியில் ஏறி இடத்தின் பெயரை மட்டும் சொல்லுங்கள். டீக்கடையிலும் கியூஆர் ஒட்டியிருக்கிறார்கள், ஆனால் பத்து, இருபது ரூபாய்த் தாள் தனியாக வையுங்கள், பெரிய தாள் கொடுத்தால் சில்லறை வராது. "கித்னா?" என்றால் எவ்வளவு. "நஹீ சாஹியே" என்றால் வேண்டாம். இந்த இரண்டாவதை நின்று சொல்லாதீர்கள், நடந்துகொண்டே சொல்லுங்கள். நெற்றியில் சந்தனம் இடுகிறவர், கையில் கயிறு கட்டுகிறவர், தோளைப் பிடித்து மசாஜ் தொடங்குகிறவர் எல்லோருக்கும் பொருந்தும்.

காசிக் கயிறு, சின்ன அன்னபூரணி, கங்கைச் செம்பு, இவைதான் ஊருக்கு வாங்கி வருவது. விஸ்வநாதர் சந்தில் முதல் கடையில் வாங்காமல் நான்கு கடை தள்ளி வாங்குங்கள். செம்பைத் தட்டிப் பார்த்து, ஈயம் பற்றவைத்த இடத்தில் ஈரம் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். என் முதல் செம்பு நாக்பூர் தாண்டுவதற்குள் கீழ் பெர்த்காரரின் தலையணைக்குக் கங்கா ஸ்நானம் செய்வித்துவிட்டது. இரண்டு பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டி நிமிர்த்தி வையுங்கள்.

கடைசி நாள், மாலை ரயில் என்றால் கோதோலியாவிலிருந்து இரண்டு மணி நேரம் முன்பே கிளம்புங்கள், முகல்சராய் என்றால் மூன்று. காசிக்குப் போனால் பிடித்த ஒரு காயையும் பழத்தையும் விட்டுவிட்டு வர வேண்டும் என்பார்கள். என் பெரியம்மா ரொம்ப யோசித்துப் பாகற்காயை விட்டார்.